எந்த இயங்குதளம் வேகமானது? கேள்வியைப் பிரித்துப் பார்த்தால் கிடைக்கும் பதில்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வன்பொருள் வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் ஏறக்குறைய 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். இந்தத் தகுதி இல்லாத கணினிகளை வைத்திருப்பவர்கள் லினக்ஸுக்கு மாறுவதா, புதிய மேக் வாங்குவதா, வேறு விண்டோஸ் கணினிக்குப் போவதா என்று யோசிக்கிறார்கள். இணையத்தில் தேடினால் ஒருவர் லினக்ஸ் இரு மடங்கு வேகம் என்கிறார். இன்னொருவர் அதே கணினியில் அளந்துவிட்டு வித்தியாசமே இல்லை என்கிறார். மூன்றாமவருக்கு விண்டோஸில்தான் எல்லாம் சரளமாக ஓடுகிறது.

மூவர் சொல்வதும் உண்மையாக இருக்க முடியும். அவர்கள் ஓட்டிப் பார்த்த வேலைகள் வேறு வேறு. எந்த வேலையில் இயங்குதளம் குறுக்கே வருகிறது, எதில் வருவதில்லை என்பது பிடிபட்டால் இந்த முரண்பாடுகளில் பெரும்பகுதி தானாகவே தீர்ந்துவிடும்.

1. இயங்குதளம் எப்போது வேலை செய்கிறது?

நிரல் ஓடும்போது பிராசசர் இரண்டு நிலைகளில் ஒன்றில் இருக்கும்.

1. யூசர் மோட்: நிரலின் சொந்தக் கட்டளைகளைப் பிராசசர் நேரடியாக நிறைவேற்றுகிறது. இயங்குதளம் இதில் தலையிடுவதில்லை.
2. கர்னல் மோட்: கோப்பைத் திற, நினைவகம் கொடு, நெட்வொர்க்கில் அனுப்பு என்று நிரல் கேட்கும்போது இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் அந்த வேலையைச் செய்கிறது. இப்படிக் கேட்பதற்கு சிஸ்டம் கால் என்று பெயர்.

வீடியோவைச் சுருக்குவது, முப்பரிமாணக் காட்சியை ரெண்டர் செய்வது, பெரிய எண் கணக்குகள் இவையெல்லாம் ஏறக்குறைய முழுக்க யூசர் மோடிலேயே நடப்பவை. பெருக்கல் கட்டளை விண்டோஸில் ஓடினாலும் லினக்ஸில் ஓடினாலும் பிராசசருக்கு ஒன்றுதான்.

இதை நேரில் பார்க்க எளிய வழி உண்டு. லினக்ஸ், மேக் டெர்மினலில் எந்தக் கட்டளைக்கு முன்பும் 'டைம்' என்று சேர்த்து ஓட்டினால், முடிவில் மூன்று எண்கள் வரும்: ரியல், யூசர், சிஸ். ரியல் என்பது கடிகாரத்தில் கழிந்த நேரம். யூசர் என்பது நிரலின் சொந்தக் கணக்குக்குப் போன நேரம். சிஸ் என்பது கர்னலுக்குள் போன நேரம். எடுத்துக்காட்டாக ஒரே கோரில் (பிராசசருக்குள் தனித்து இயங்கும் கணக்குப் பிரிவு) ஓடும் ஒரு வேலைக்கு ரியல் 100 வினாடி, யூசர் 96, சிஸ் 3 என்று வந்தால், கர்னலின் பங்கு 3 சதவீதம். இந்தக் கர்னலைவிட இரு மடங்கு வேகமான கர்னல் கிடைத்தாலும் மிச்சமாவது ஒன்றரை வினாடி.

மாறாக ரியல் 40, யூசர் 12, சிஸ் 10 என்று வந்தால் கதையே வேறு. கர்னலில் 10 வினாடி போயிருக்கிறது. கணக்கில் வராத 18 வினாடி டிஸ்க்குக்கோ நெட்வொர்க்குக்கோ காத்திருந்ததில் போயிருக்கிறது. இந்த மாதிரி வேலையில்தான் இயங்குதளத்தை மாற்றினால் பலன் தெரியும். (பல கோர்களில் ஓடும் நிரலில் யூசர் எண் ரியலைவிடப் பெரிதாக வரும். எல்லாக் கோர்களின் நேரத்தையும் கூட்டிச் சொல்வதால் அப்படி, பிழை அல்ல.)

விண்டோஸில் இதற்கு நெருங்கிய வழி: டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய், சிபியு வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து 'ஷோ கர்னல் டைம்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வரைபடத்துக்குள் அடர்ந்த நிறத்தில் இன்னொரு பகுதி தோன்றும். அதுதான் கர்னலின் பங்கு. உங்கள் அன்றாட வேலையின்போது அந்தப் பகுதி அடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால், வேகத்துக்காக இயங்குதளத்தை மாற்றுவது பெரும்பாலும் வீண் வேலை.

2. வித்தியாசம் அதிகம் தெரியும் இடம்: சின்னச் சின்னக் கோப்புகள்

விண்டோஸில் ஒரு கோப்பைத் திறக்கும் வேண்டுகோள் நேராக, டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையிடம் போய்ச் சேர்வதில்லை. நடுவே ஃபில்டர் டிரைவர்கள் என்ற அடுக்கு இருக்கிறது. வைரஸ் தடுப்பு, கிளவுட் ஒத்திசைவு, பேக்கப் மென்பொருள் என்று ஒவ்வொன்றும் அந்த அடுக்கில் உட்கார்ந்து, கடந்து போகும் வேண்டுகோள்களைப் பார்த்துத்தான் அனுப்புகிறது. நல்ல காரணங்களுக்காகச் செய்த அமைப்புதான். ஆனால் ஒவ்வொரு முறை திறப்பதற்கும் மூடுவதற்கும் அதற்கென ஒரு செலவு உண்டு.

கோப்புக்கு 0.3 மில்லிசெகண்ட் கூடுதலாகப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4 ஜிபி வீடியோ ஒன்றைத் திறந்தால் அந்த 0.3 மில்லிசெகண்ட் யார் கண்ணிலும் படாது. 50,000 சின்னக் கோப்புகள் கொண்ட ஒரு மென்பொருள் திட்டத்தைத் திறந்தால் அதுவே 15 வினாடி. ஜாவாஸ்கிரிப்ட் நிரலாளர்கள் விண்டோஸைத் திட்டுவதும், வீடியோ எடிட்டர்கள் எந்தக் குறையும் காணாததும் இதனால்தான்.

மைக்ரோசாஃப்டுக்கும் இது தெரியாத விஷயம் அல்ல. விண்டோஸுக்குள் லினக்ஸ் கருவிகளை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2016-இல் வந்தபோது, லினக்ஸ் சிஸ்டம் கால்களை விண்டோஸ் கர்னல் புரிந்துகொள்ளும்படி மாற்றித் தந்தது. கோப்பு வேலைகளில் அது மந்தமாக இருந்தது. 2019-இல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு அந்த மாற்றும் வேலையைக் கைவிட்டு, சிறிய மெய்நிகர் கணினிக்குள் (மென்பொருளாலேயே உருவாக்கிய கணினி) உண்மையான லினக்ஸ் கர்னலையே ஓட்டியது. சுருக்கப்பட்ட கோப்புத் தொகுப்பைப் பிரிப்பதில் 20 மடங்கு வரையும், கிட் குளோன், என்பிஎம் இன்ஸ்டால் போன்ற நிரலாளர் கட்டளைகளில் 2 முதல் 5 மடங்கு வரையும் வேகம் கூடியதாக மைக்ரோசாஃப்டே சொன்னது. கணினியும் டிஸ்க்கும் அப்படியே இருக்க, கோப்பு வேண்டுகோள் போகும் பாதையை மாற்றியதால் மட்டும் கிடைத்த வேகம் இது.

இதில் வழக்கமாக நடக்கும் ஒரு தவறு: டபிள்யூஎஸ்எல் 2 நிறுவிவிட்டு, திட்டக் கோப்புகளை மட்டும் சி டிரைவிலேயே விட்டுவிடுவது. அப்போது ஒவ்வொரு கோப்பு வேண்டுகோளும் மெய்நிகர் கணினியின் எல்லையைத் தாண்டி விண்டோஸுக்குப் போய்த் திரும்ப வேண்டும். முதல் பதிப்பைவிடவும் மெதுவாகிவிடும். லினக்ஸ் பக்கத்து ஹோம் ஃபோல்டருக்குள் கோப்புகளை வைத்தால் சிக்கல் தீர்ந்தது. விண்டோஸிலேயே வேலை செய்ய விரும்புவோருக்கு 2023-இல் 'டெவ் டிரைவ்' வந்தது. குறைந்தது 50 ஜிபி ஒதுக்க வேண்டும். ஆர்இஎஃப்எஸ் கோப்பு முறைமையில் ஓடும் அந்த டிரைவில், கோப்பைத் திறக்கும் முன்பே விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் வழிமறிக்காது. திறந்து முடித்தபிறகு பின்னணியில் சோதிக்கும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று, புதிய பிராசஸ் (ஓட்டத்தில் இருக்கும் ஒரு நிரல்) தொடங்கும் செலவு. லினக்ஸில் இது மலிவு, விண்டோஸில் அதிகம். நூற்றுக்கணக்கான குட்டி நிரல்களை அடுத்தடுத்து அழைக்கும் ஷெல் ஸ்கிரிப்டுகள் விண்டோஸில் இழுப்பதற்கு இதுவும் காரணம். விண்டோஸுக்கென்றே எழுதிய மென்பொருள்கள் ஒரே பிராசஸுக்குள் பல திரெட்களை (இணையாக ஓடும் வேலை இழைகள்) வைத்து வேலை செய்வதால் அவை இதில் மாட்டுவதில்லை.

கோப்பு வேகத்தை ஒப்பிடும்போது ஏமாற்றும் இரண்டு எண்களையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

முதலாவது, பென் டிரைவில் நகலெடுப்பது. லினக்ஸில் 2 ஜிபி கோப்பை நகலெடுத்தால் முன்னேற்றப் பட்டை சட்டென்று நிறைந்துவிடலாம். தரவு அப்போது ரேமில்தான் இருக்கிறது. பென் டிரைவுக்குப் போகவில்லை. வெளியேற்றச் சொன்னதும் நிமிடக்கணக்கில் காக்க வைப்பது அதனால்தான். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து யூஎஸ்பி டிரைவுகளுக்கு எழுதும் கேஷ் (தரவைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் இடம்) இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும். அதனால் பட்டை மெதுவாக நகரும். ஆனால் அது காட்டுவது உண்மை நிலவரத்துக்கு நெருக்கமானது. நேர்மையாக ஒப்பிட வேண்டுமானால் லினக்ஸில் நகல் முடிந்ததும் 'சிங்க்' கட்டளையை ஓட்டி, அது முடியும் வரையிலான நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இரண்டாவது, தரவுத்தளச் சோதனைகள். தரவு டிஸ்க்கில் பதிந்துவிட்டது என்று உறுதிசெய்ய நிரல்கள் 'எஃப்சிங்க்' என்ற சிஸ்டம் காலை அழைக்கும். லினக்ஸில் இது டிஸ்க்கின் உள் கேஷிலிருந்தும் தரவைக் கீழே இறக்கச் சொல்லும். மேக் ஓஎஸ்ஸில் அதே அழைப்பு, தரவை டிஸ்க்கிடம் ஒப்படைத்ததோடு திரும்பிவிடும். உண்மையிலேயே பதிந்ததா என்று உறுதிசெய்ய 'எஃப் ஃபுல் எஃப்சிங்க்' என்ற தனி வழி உண்டு. இது தெரியாமல் ஒரே தரவுத்தளச் சோதனையை இரண்டிலும் ஓட்டினால் மேக் மிக வேகமாகத் தெரியும். மின்சாரம் போனால் எந்தத் தரவு மிஞ்சும் என்பதை அந்தச் சோதனை அளக்கவே இல்லை.

3. ஷெட்யூலர்: யாருக்கு முதலில் பிராசசர்?

கணினியில் எப்போதும் நூற்றுக்கணக்கான திரெட்கள் உயிரோடு இருக்கும்; கோர்கள் எட்டோ பதினாறோதான். எந்தத் திரெட் எந்தக் கோரில், எவ்வளவு நேரம் என்று முடிவு செய்வது ஷெட்யூலர்.

விண்டோஸ் 0 முதல் 31 வரை முன்னுரிமை எண் தருகிறது. முன்னால் திறந்திருக்கும் ஜன்னலின் நிரலுக்குச் சலுகை காட்டுகிறது. சர்வர் பதிப்பில் இந்தச் சலுகை இருக்காது; ஒவ்வொரு திரெடுக்கும் நீண்ட நேரத்துண்டு கிடைக்கும். சாதாரண விண்டோஸிலும் இதை மாற்றலாம்: பெர்ஃபார்மன்ஸ் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் என்ற பக்கத்தில் 'புரோகிராம்ஸ்', 'பேக்கிரவுண்ட் சர்வீசஸ்' என்று இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. மேசைக் கணினியில் முதலாவதைத் தொடாமல் விடுவதே நல்லது.

லினக்ஸ் 2007 முதல் சிஎஃப்எஸ் என்ற ஷெட்யூலரைப் பயன்படுத்தியது. எல்லாருக்கும் சமமாகப் பங்கிடுவதே அதன் அடிப்படை. 2023-இல் வந்த 6.6 கர்னலில் அந்த இடத்துக்கு ஈஈவிடிஎஃப் வந்தது. நியாயமான பங்கோடு, யாருக்கு அவசரம் என்பதையும் அது கணக்கில் எடுக்கிறது. மேக் ஓஎஸ் வேறு வழியில் போகிறது. 'இது பயனர் காத்திருக்கும் வேலை', 'இது பின்னணி வேலை' என்று நிரல்களே முத்திரை குத்த வேண்டும். ஆப்பிள் சிலிக்கான் எனப்படும் ஆப்பிளின் சொந்தச் சிப் கொண்ட கணினிகளில் பின்னணி முத்திரை பெற்ற வேலைகள், மின்சாரம் குறைவாக எடுக்கும் சிக்கனக் கோர்களிலேயே அடைக்கப்படும். டைம் மெஷின் பேக்கப் ஓடும்போதும் மேக் திணறாமல் இருப்பது பெரும்பாலும் இதன் பலன். அதே காரணத்தால் அந்த பேக்கப் முடிய அதிக நேரம் பிடிக்கும்.

வேகம் என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு பொருள் கலந்திருப்பதும் இங்கே தெளிவாகிறது. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வேலை முடிந்தது என்பது த்ரூபுட். கிளிக் செய்ததும் எவ்வளவு சீக்கிரம் பதில் வந்தது என்பது லேட்டன்சி. ஒன்றை மேம்படுத்தினால் பெரும்பாலும் மற்றது மோசமாகும். சர்வருக்குச் சிறந்த அமைப்பு மேசைக் கணினியில் மந்தமாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. உலகின் மிக வேகமான 500 கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் எல்லாமே லினக்ஸ்தான் என்பது உண்மை. அதை வைத்து உங்கள் லேப்டாப்பில் பிரவுசர் எப்படி ஓடும் என்று சொல்ல முடியாது.

4. 'ரேம் நிறைந்துவிட்டது' என்ற பயம்

இயங்குதளங்களை ஒப்பிடுவோர் முதலில் பார்ப்பது, எதுவும் திறக்காதபோது எவ்வளவு ரேம் போகிறது என்ற எண்ணை. பயனில்லாத எண்ணும் அதுவே. சும்மா கிடக்கும் ரேம் யாருக்கும் உதவாது. ஆகவே மூன்று இயங்குதளங்களுமே அண்மையில் படித்த கோப்புகளைக் காலி ரேமில் வைத்துக்கொள்கின்றன. நிரல் கேட்டதும் விட்டுக்கொடுக்கின்றன. விண்டோஸின் சிஸ்மெயின் சேவை ஒரு படி மேலே போய், நீங்கள் அடிக்கடி திறப்பதை முன்கூட்டியே ஏற்றி வைக்கிறது.

பார்க்க வேண்டியவை வேறு:

1. விண்டோஸ்: டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் 'கமிட்டட்'. இரண்டு எண்களில் முதலாவது இரண்டாவதை நெருங்கினால்தான் நெருக்கடி.
2. லினக்ஸ்: 'ஃப்ரீ' கட்டளை தரும் அட்டவணையில் 'அவைலபிள்' என்ற நெடுவரிசை. அதே அட்டவணையில் இருக்கும் 'ஃப்ரீ' என்ற எண் பெரும்பாலும் சிறிதாகவே இருக்கும், கவலை வேண்டாம்.
3. மேக்: ஆக்டிவிட்டி மானிட்டரில் 'மெமரி பிரஷர்' வரைபடம். பச்சை என்றால் சரி. சிவப்பு என்றால் ரேம் போதவில்லை.

ரேம் உண்மையிலேயே தீரும்போதுதான் வித்தியாசம் தெரியும். மேக் 2013 முதலும் விண்டோஸ் 2015 முதலும் பயன்படாத நினைவகப் பகுதிகளை ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கின்றன. லினக்ஸிலும் இதற்கு 'இசட்ரேம்' உண்டு. ஆனால் எல்லா லினக்ஸ் வெளியீடுகளிலும் (வெவ்வேறு குழுக்கள் தொகுத்துத் தரும் லினக்ஸ் வகைகள்) அது இயல்பாக இயங்காது. அவற்றில் ஒன்றான ஃபெடோரா 2020-இல் வந்த 33ஆம் பதிப்பிலிருந்து அதை இயல்பாக்கியது. இசட்ரேமும் இல்லாமல் ஸ்வாப்பும் (ரேம் போதாதபோது உதவ டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்) இல்லாமல் 4 ஜிபி கணினியில் லினக்ஸ் நிறுவி, பிரவுசரில் இருபது டேப் திறந்தால் மவுஸ் உட்பட எல்லாம் நிமிடக்கணக்கில் உறைந்துபோகலாம். 'லினக்ஸ் இலேசானது' என்று நம்பி வந்தவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

5. கிராஃபிக்ஸ்: இங்கே டிரைவர்தான் எல்லாம்

கேம் ஓடும்போது கர்னலைவிட கிராஃபிக்ஸ் டிரைவரின் தரமே முடிவைத் தீர்மானிக்கிறது. விண்டோஸ் கேம்கள் மைக்ரோசாஃப்டின் டைரக்ட்எக்ஸ் என்ற இடைமுகம் வழியாக வரைகின்றன. வால்வ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட புரோட்டான், அந்த அழைப்புகளை வல்கன் என்ற பொது கிராஃபிக்ஸ் இடைமுகத்தின் அழைப்புகளாக மாற்றி லினக்ஸில் ஓட்டுகிறது. 2022-இல் வந்த, வால்வின் கையடக்க கேம் கணினியான ஸ்டீம் டெக் முழுக்க இதை நம்பியே இயங்குகிறது. மாற்றுவதற்கான செலவு எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. சில கேம்கள் லினக்ஸில் கூடுதல் பிரேம் தருவதும் உண்டு. கர்னல் அளவில் இயங்கும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் கேட்கும் பல ஆன்லைன் கேம்கள் மட்டும் லினக்ஸில் திறக்கவே திறக்காது. அவற்றுக்கு வேக ஒப்பீட்டுக்கே வழியில்லை.

கேம் விளையாடாதவர்களுக்கு முக்கியமானது வீடியோ டிகோடிங். கிராஃபிக்ஸ் சிப்பில் இதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. பிரவுசர் அதைப் பயன்படுத்தாவிட்டால் மொத்தச் சுமையும் பிராசசர் தலையில் விழும். ஃபேன் இரையும், பேட்டரி கரையும். விண்டோஸிலும் மேக்கிலும் இது தானாக நடக்கிறது. லினக்ஸில் நிலைமை வெளியீட்டுக்கு வெளியீடு மாறும். எடுத்துக்காட்டாக ஃபெடோரா, காப்புரிமைச் சிக்கலால் 2022-இல் மெசா டிரைவர் தொகுப்பில் எச்.264, எச்.265 என்ற வீடியோ வடிவங்களுக்கான வன்பொருள் ஆதரவை நீக்கியது. வெளிக் களஞ்சியம் ஒன்றிலிருந்து அதைத் திரும்பச் சேர்க்க வேண்டியிருந்தது. ஒரு லேப்டாப்பில் லினக்ஸ் போட்டதும் பேட்டரி குறைந்தது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

6. பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை

2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசசர் ஓட்டைகள் வெளியே வந்தன. அவற்றை அடைக்க எல்லா இயங்குதளங்களும் யூசர் மோடுக்கும் கர்னலுக்கும் நடுவே தடுப்பை இறுக்கின. விளைவாக, பாதிக்கப்பட்ட பிராசசர்களில் ஒவ்வொரு சிஸ்டம் காலும் விலை கூடியது. முதல் பகுதியின் கணக்கு இங்கேயும் பொருந்தும்: சிஸ் நேரம் அதிகமான வேலைகள் அடி வாங்கின, வீடியோ சுருக்கம் போன்றவை அசையவில்லை.

விண்டோஸ் 11-இல் தீய நிரல்கள் கர்னலுக்குள் புகாமல் தடுக்கும் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற அமைப்பு பல கணினிகளில் இயல்பாகவே இயங்குகிறது. கேம் வேகம் வேண்டுவோர் அதைத் தற்காலிகமாக அணைக்கலாம், முடிந்ததும் திரும்ப இயக்குங்கள் என்று மைக்ரோசாஃப்டின் சொந்த உதவிப் பக்கமே சொல்கிறது. ஒப்பீட்டில் இதை அணைத்துவிட்டு எடுத்த எண்ணை 'விண்டோஸ் 11-இன் வேகம்' என்று போடுவது தவறு. இயல்பு நிலை எண், மாற்றிய நிலை எண் என இரண்டையும் தனித்தனியே சொன்னால் மட்டுமே படிப்பவருக்குப் பயன்.

7. அளக்கும் முறை

சோதனை எந்த வாரத்தில் நடந்தது என்பதுகூட முடிவை மாற்றும். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வெளியானபோது ஏஎம்டியின் ரைசன் பிராசசர்களில், பிராசசருக்குள்ளேயே இருக்கும் எல்3 கேஷின் தாமதம் கூடியது. பாதிக்கப்பட்ட மென்பொருள்களில் 3 முதல் 5 சதவீதமும், சில இ-ஸ்போர்ட்ஸ் கேம்களில் 10 முதல் 15 சதவீதமும் இழப்பு வரலாம் என்று ஏஎம்டி அறிவித்தது. அதே மாதத்திலேயே திருத்தம் வந்துவிட்டது. முதல் வாரத்தில் எடுத்த எண்கள் இன்னும் இணையத்தில் சுற்றுகின்றன.

சொந்தமாக அளப்பவருக்கான வரிசை இது:

1. ஒரே கணினி, ஒரே டிஸ்க், டூயல் பூட் (இரண்டு இயங்குதளங்களையும் நிறுவி, தொடங்கும்போது ஒன்றைத் தேர்வது). மெய்நிகர் கணினிக்குள் ஓடும் லினக்ஸை நேரடி விண்டோஸோடு ஒப்பிடக் கூடாது. டிஸ்க் சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் இன்னொரு சிக்கல்: வெளி வட்டத்தில் வாசிப்பு வேகம் உள்வட்டத்தைவிட மிக அதிகம். இரண்டாவதாக நிறுவிய இயங்குதளம் உள்வட்டப் பார்ட்டிஷனில் போய் உட்கார்ந்து, தன் தவறின்றியே தோற்கும். எஸ்எஸ்டியில் இந்தத் தொல்லை இல்லை.

2. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' அணைக்கவும். விண்டோஸ் 8-இலிருந்து ஷட் டவுன் செய்தால் கர்னல் நிலை அப்படியே டிஸ்க்கில் சேமிக்கப்படுகிறது. அடுத்த முறை அதை எடுத்து ஏற்றுகிறது. லினக்ஸின் முழு பூட்டோடு இதை ஒப்பிட முடியாது. ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே முழு பூட். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தாலும் முழுதாக அணையும். இதை அணைக்காமல் டூயல் பூட் செய்தால் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பார்ட்டிஷனில் எழுதவும் முடியாமல் போகலாம்.

3. நிறுவிய கையோடு அளக்க வேண்டாம். புதுப்பிப்புகள், தேடல் அட்டவணை தயாரிப்பு, மேக்கின் ஸ்பாட்லைட், புகைப்பட அலசல் எல்லாம் முதல் சில மணி நேரம் பின்னணியில் ஓடும். சும்மா இருக்கும்போது சிபியு பயன்பாடு 2 அல்லது 3 சதவீதத்துக்குக் கீழே நிலைக்கும் வரை காத்திருக்கவும்.

4. பவர் மோடைச் சமமாக்கவும். லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும். விண்டோஸில் 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்', லினக்ஸில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்று வைக்கவும். ஒன்று சமநிலையிலும் மற்றொன்று முழு வேகத்திலும் இருந்தால் அளப்பது அந்த அமைப்பைத்தான். சில லேப்டாப்களில் தயாரிப்பாளரின் ஃபேன் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டுமே கிடைக்கும்; லினக்ஸில் பிராசசர் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

5. சூட்டைக் கணக்கில் எடுக்கவும். முதல் சில நிமிடம் பிராசசர் டர்போ வேகத்தில் ஓடும். பிறகு சூடேறி இறங்கும். ஒன்றில் அளந்த கையோடு மற்றதில் அளந்தால் இரண்டாவது தோற்கும். நடுவே பதினைந்து நிமிடம் ஆறவிட்டு, முறையை மாற்றி மாற்றி ஓட்டவும்: விண்டோஸ், லினக்ஸ், லினக்ஸ், விண்டோஸ்.

6. மென்பொருள் ஒரே பதிப்பாக இருக்கட்டும். பிளெண்டர், 7-ஜிப், ஃபயர்ஃபாக்ஸ் போன்றவை மூன்றிலும் கிடைப்பதால் வசதி. ஒரே பதிப்பானாலும் வேறு வேறு கம்பைலரில் (எழுதிய நிரலைப் பிராசசர் கட்டளைகளாக்கும் மென்பொருள்) உருவாக்கப்பட்டிருக்கலாம். ஓரிரு சதவீத வித்தியாசத்துக்கு அதுவே காரணமாகிவிடும்.

7. ஒவ்வொரு சோதனையையும் ஐந்து முறை ஓட்டவும். முதல் ஓட்டம் கேஷ் காலியாக இருக்கும்போது நடப்பது. அதைத் தனியே எழுதவும். மற்ற நான்கின் நடு மதிப்பை எடுக்கவும். அந்த நான்குக்குள்ளேயே 4 சதவீத ஏற்ற இறக்கம் இருந்தால், இரண்டு இயங்குதளங்களுக்கு நடுவே தெரியும் 3 சதவீத வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்லை.

மேக்கைப் பொறுத்தவரை முதல் நிபந்தனையே தடுக்கும். இன்டெல் மேக்குகளில் பூட் கேம்ப் வழியாக விண்டோஸை நேரடியாக ஓட்ட முடிந்தது. 2020 நவம்பரில் வந்த எம்1 முதலான மேக்குகளில் அந்த வழி இல்லை. ஆகவே 'மேக் ஓஎஸ் வேகமா, விண்டோஸ் வேகமா' என்று இன்று எடுக்கும் எண்கள் பெரும்பாலும் ஆப்பிள் சிப்பையும் இன்டெல் அல்லது ஏஎம்டி சிப்பையும் ஒப்பிடுகின்றன. வாங்குபவருக்கு அதுவும் பயனுள்ள தகவல்தான். இயங்குதளத்தைப் பற்றிய தகவல் அல்ல.

8. வேலையை வைத்து முடிவு செய்தால்

வீடியோ சுருக்கம், ரெண்டரிங், கணிதக் கணக்கு: இயங்குதளத்தால் பெரிய மாற்றம் இராது. எந்த மென்பொருள் எதில் கிடைக்கிறது என்பதைப் பார்த்தால் போதும்.

ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளோடு நிரலெழுதுவோர், கன்டெய்னர்கள் (நிரலை அதற்குத் தேவையானவற்றோடு தனிப் பெட்டிபோல் ஓட்டும் முறை) ஓட்டுவோர்: லினக்ஸ் தெளிவாக முன்னிற்கும். விண்டோஸில் இருந்தாக வேண்டியவர்களுக்கு டபிள்யூஎஸ்எல் 2 இடைவெளியில் பெரும்பகுதியை நிரப்புகிறது.

கேம்கள்: விளையாடும் கேம்களின் பட்டியலை எழுதி, ஒவ்வொன்றும் புரோட்டானில் ஓடுகிறதா என்று பார்த்தபிறகே முடிவெடுக்க வேண்டும்.

பேட்டரி: இதில் மேக் முன்னணியில் இருப்பதற்கு சிப்பும் ஷெட்யூலரும் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பது பெரிய காரணம். ஒரே லேப்டாப்பில் விண்டோஸையும் லினக்ஸையும் ஒப்பிட்டால் எது வெல்லும் என்பது அந்த மாடலின் டிரைவர்களைப் பொறுத்தது.

விண்டோஸ் 10-இல் மாட்டிக்கொண்ட பழைய கணினிகளுக்கு வருவோம். அவற்றின் மந்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் இயங்குதளம் அல்ல; சுழலும் ஹார்ட் டிஸ்க். ஹார்ட் டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் தரவைத் தேடி எடுக்க ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 10 மில்லிசெகண்ட் ஆகும். அதாவது வினாடிக்கு நூறு தேடல் அளவில்தான் முடியும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டிகூட வினாடிக்கு ஆயிரக்கணக்கில் செய்யும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலும் சிபியு 20 சதவீதத்துக்குக் கீழேயும் இருந்தால், முதலில் எஸ்எஸ்டி மாற்றி, ரேமை 8 ஜிபியாக்கிவிட்டு, அதன் பிறகும் வேகம் போதவில்லை என்றால் இயங்குதளத்தைப் பற்றி யோசிக்கலாம். 4 ஜிபிக்கு மேல் ரேம் ஏற்ற முடியாத கணினி என்றால் எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலேசான டெஸ்க்டாப் கொண்ட லினக்ஸ், கூடவே இசட்ரேம். பிரவுசரில் டேப்களின் எண்ணிக்கையை எந்த இயங்குதளமும் உங்களுக்காகக் குறைத்துத் தராது.